சண்டைக்கு ஓர் ஆள்

மும்பை செம்பூரில் நான் வேலை பார்க்கும் கிளினிக்குக்கு டிராம்பே பக்கத்திலிருந்தும் வடாலாவிலிருந்தும் தாராவியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். தமிழ், இந்தி, மராத்தி என்று ஆளுக்குத் தக்கபடி நானும் பேசுவேன். சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழில் சீன எழுத்தைப் பார்த்துவிட்டு யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார்: "சைனாவுலயா படிச்சீங்க டாக்டர்? அந்த பாஷை பேச வருமா?" வரும் என்பேன். எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்பது அடுத்த கேள்வி. வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள் என்று சொல்லிவிட்டு ஊசியை எடுத்துவிடுவேன். அது பச்சைப் பொய். சீன மொழியை நான் சண்டை போட்டுத்தான் கற்றேன். காய்ச்சலோடு வந்து உட்கார்ந்திருப்பவரிடம் அதையெல்லாம் எங்கே விளக்கிக்கொண்டிருப்பது?

தாராவிக்காரிக்கு இது ஒன்றும் புதுசில்லை. அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது இந்தியில் ஒரு சொல் தெரியாதாம். தண்ணீர்க் குழாயடியில்தான் கற்றிருக்கிறாள். முன்னால் நிற்பவள் உத்தரப்பிரதேசத்துக்காரி, பின்னால் நிற்பவள் மராத்திக்காரி, நடுவில் அம்மா. குழாயில் தண்ணீர் வருவதோ கொஞ்ச நேரம். சும்மா நின்றால் குடம் காலியாகத்தான் வீடு திரும்பும். ஒரு வருடத்தில் அவளுக்கு இந்தி வந்துவிட்டது. மராத்தியும் திட்டுகிற அளவுக்கு வந்துவிட்டது. எனக்கும் அப்படித்தான். பள்ளிக்கூடத்து இந்தி பரீட்சைக்கு உதவியது. பேசுகிற இந்தி லோக்கல் ரயிலில், பெண்கள் பெட்டியான லேடீஸ் டப்பாவில், மூன்று பேர் சீட்டில் நாலாவதாக உட்காரச் சண்டை போட்டு வந்தது. கோபத்தில் இருக்கும்போது சரியாகப் பேசுகிறோமா என்று யோசிக்க நேரமிருக்காது. வாய் தன்னால் ஓடும். எதிராளி என்ன சொல்கிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்போம், பதில் கொடுத்தாக வேண்டுமே.

மருத்துவம் படிக்கப் போனது தியான்ஜினுக்கு. பெய்ஜிங்குக்குப் பக்கத்து ஊர். நடுவே ஆறு ஓடும், கொஞ்சம் தள்ளிப் போனால் கடலும் துறைமுகமும் உண்டு. மும்பை மாதிரியே எங்கே பார்த்தாலும் மனிதத் தலைகள்தான். காலையில் விடுதி வாசலில் பச்சைப்பயறு மாவைத் தோசை போல வார்த்து, அதன் மேல் முட்டையை உடைத்துத் தடவி, மடித்துக் கையில் கொடுப்பார்கள். முதல் நாள் அதைப் பார்த்ததுமே இந்த ஊரில் பிழைத்துக்கொள்ளலாம் என்று தைரியம் வந்தது. வயிறு பிழைத்துக்கொண்டது. வாய்தான் பிழைக்கவில்லை.

பாடமெல்லாம் ஆங்கிலத்தில். விடுதியில் என் அறைக்கு இரண்டு பக்கமும் இந்தியப் பெண்கள், ஆகவே பேச்செல்லாம் இந்தியில். சீன வகுப்பு தனியாக உண்டு. அந்த ஆசிரியை பூப்போலப் பேசுவார். நான் எதைத் தப்பாகச் சொன்னாலும் "நல்லது, இன்னொரு முறை" என்று சிரிப்பார். கடைக்குப் போனால் நான் வாயைத் திறந்து இரண்டு சொல் சொன்னதுமே, "அடடே, எவ்வளவு அழகாகச் சீனம் பேசுகிறாய்" என்று பாராட்டி, கேட்டதை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதற்கு மேல் பேச்சு நகராது. யாரும் என்னை முறைக்கவில்லை, இடிக்கவில்லை, வரிசையில் முந்தினால்கூட வெளிநாட்டுக்காரி என்று விட்டுவிட்டார்கள். விருந்தாளியாகவே வைத்திருந்தால் மனுஷிக்கு எப்படிப் பேச்சு வரும்?

நாலாவது வருடம் அது கழுத்தைப் பிடித்தது. வார்டில் பயிற்சிக்குப் போவதற்கு முன்னால் ஒரு தேர்வு உண்டு. படுக்கையில் இருக்கும் நிஜமான நோயாளியிடம் சீனத்தில் பேசி, என்ன நோவு, எப்போதிலிருந்து, என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று எல்லாவற்றையும் கேட்டு வாங்க வேண்டும். பேராசிரியை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். தேறாவிட்டால் வார்டு கிடையாது, வார்டு இல்லாமல் பட்டம் கிடையாது. நான் கேள்விகளை எல்லாம் கிளிப்பிள்ளை மாதிரி மனப்பாடம் செய்துகொண்டு போனேன். கேட்கவும் செய்தேன். அந்த நோயாளி அம்மாள் தியான்ஜின் பேச்சில் மளமளவென்று பதில் சொன்னபோது எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்து வைத்தேன். "நீ கேட்கவில்லை, சிரித்துக்கொண்டிருக்கிறாய்" என்றார் பேராசிரியை. போட்டார் பெயில். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு உண்டு, வசந்த காலத்தில். அதிலும் தவறினால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எனக்கு முந்தின வருடத்துப் பையன் ஒருவன் அப்படிக் கட்டிக்கொண்டு போனதை நான் கண்ணால் பார்த்திருந்தேன்.

வீட்டுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் சந்தில் அதற்குள் அம்மாவை எல்லோரும் டாக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். போனில் விஷயத்தைச் சொன்னதும் அம்மாவுக்கு நம்பிக்கையே வரவில்லை.

"ஏட்டி, நீயா பேசமாட்டேங்க? இங்கன இருக்கையில உன் வாய அடைக்க முடியாதே."

"இங்க யாருமே சண்டைக்கு வர மாட்டேங்காவம்மா."

"சண்டைக்கு வராத ஊரும் இருக்கா?" என்றாள் அம்மா. பிறகு, "சரி, ஸ்வெட்டர் போட்டிருக்கியா" என்று கேட்டாள். அவளுக்கு என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் ஸ்வெட்டருக்குப் போய்விடுவாள். எனக்கு அன்றைக்கு வந்த அழுகையில் ஸ்வெட்டரின் கைதான் நனைந்தது.

அந்தக் குளிர்காலத்தில்தான் என் பிளாஸ்க் வரிசையிலிருந்து காணாமல் போனது. அந்த ஊரில் வெந்நீர் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. குடிக்கிறதும் வெந்நீர், கால் கழுவுகிறதும் வெந்நீர். விடுதியில் எங்கள் மாடியில் ஒரு வெந்நீர் அறை, அதில் பெரிய கொதிகலன், குழாய்கள். சாயங்காலமானால் எல்லாப் பெண்களும் பிளாஸ்க்கோடு வரிசையில் நிற்பார்கள். அன்றைக்கு வரிசை நீளம். எனக்குப் படிக்க வேண்டியது மலைபோல இருந்தது. நான் பிளாஸ்க்கை வரிசையில் தரையில் வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டேன்.

எங்கள் சந்தில் யாரும் இதில் தப்புச் சொல்ல மாட்டார்கள். வரிசையில் குடம் நின்றால் ஆள் நிற்கிற மாதிரி. நீ போய் வெங்காயம் நறுக்கலாம், பிள்ளைக்குத் தலை பின்னலாம். வரிசை நகர நகர, பின்னால் இருக்கிறவள் உன் குடத்தைக் காலால் ஒரு தள்ளு தள்ளி முன்னால் நகர்த்துவாள். குடத்தை வரிசையை விட்டு வெளியே எடுத்து வைத்தால் கொலை விழும். இந்தச் சட்டம் உலகம் முழுக்க இருக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தால் என் பிளாஸ்க் ஜன்னல் திண்டில் ஒரு மூலையில் அநாதையாக நிற்கிறது. வரிசையில் எனக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லாம் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய்விட்டிருக்கிறார்கள். புதிதாக வந்தவர்கள் நிற்கிறார்கள். குழாய்க்குப் பக்கத்தில் துடைப்பத்தோடு விடுதிக் காவல்காரப் பெண். நாற்பது வயதிருக்கும், குட்டை முடி, இரும்பு மாதிரி முகம். அவளைப் போன்றவர்களை அங்கே எல்லோரும் 'ஆயி' என்று கூப்பிடுவார்கள், அத்தை என்கிற மாதிரி. எடுத்து வைத்தது அவள்தான்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "மேரா நம்பர் தா", என் முறை அது, என்று முதலில் இந்தியில் கத்தினேன். அவள் புருவத்தைத் தூக்கினாள். அப்புறம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, சீனம் வந்தது. இது என் இடம், நான் முதலில் வந்தேன், நீ யார் எடுப்பதற்கு, உனக்குக் கண் இல்லையா என்று உடைந்த சீனத்தில் பொரிந்து தள்ளினேன். வரிசையில் நின்ற பெண்களுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

மற்றவர்களைப் போல அவள் சிரித்து மழுப்பவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். இடுப்பில் கை வைத்தாள். "பிளாஸ்க்குக்குக் கால் இருக்கா? அது வந்து வரிசையில் நிற்குமா? யாராவது தடுக்கி விழுந்து வெந்நீர் கொட்டினால் நீயா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவாய்? தண்ணீர் வேண்டுமென்றால் நீ நில். படிக்க வேண்டுமென்றால் படி. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய நீ என்ன பெரிய மகாராணியா?" அவள் பேசியது அசல் தியான்ஜின் பேச்சு. முக்கால்வாசி எனக்குப் புரிந்துவிட்டது. புரியாத கால்வாசிக்கும் சேர்த்துப் பதில் சொன்னேன்.

அறைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், முகம் சூடாக இருக்கிறது, ஆனால் மனசு லேசாக இருக்கிறது. நான் பேசியிருந்தேன். தொண்டைத் தண்ணீர் வற்ற, அந்த பாஷையில் பேசியிருந்தேன்.

மறுநாள் வேண்டுமென்றே பிளாஸ்க்கை வரிசையில் வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவள் வந்தாள், எடுத்தாள், நான் பாய்ந்தேன். அதற்கப்புறம் சாக்குக்கே பஞ்சமில்லை. குளியலறைச் சாக்கடையில் என் முடி அடைக்கிறது என்று அவள் வருவாள். இந்த நீள முடி உன் தலையில் இல்லாத பொறாமை என்பேன். நான் அறைக்குள் திருட்டுத்தனமாகப் பருப்பு வேகவைத்தால், தாளிக்கிற வாசனை பிடித்துக்கொண்டு மாடியேறி வந்துவிடுவாள். "அறையில் சமைக்கக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறது, படிக்கத் தெரியாதா?" என்பாள். படிக்கத் தெரியாமல்தானே இங்கே வந்து கஷ்டப்படுகிறேன் என்பேன். ஒரு நாள் நான் கஷ்டப்பட்டுத் தேடிப் பிடித்த வசைச்சொல் ஒன்றை எடுத்து வீசியபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதை அப்படிச் சொன்னால் யாருக்கும் கோபம் வராது" என்று சொல்லி, கோபம் வருகிற மாதிரி ஒரு முறை என் முகத்துக்கு நேராகச் சொல்லிக் காட்டினாள். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

பக்கத்து அறைப் பெண்கள் என்னை இழுத்து உட்கார வைத்துப் புத்தி சொன்னார்கள். அவளோடு எதற்கு லஃப்டா, வீண் வம்பு, புகார் எழுதி வைத்தால் என்ன செய்வாய் என்றார்கள். அவள் எழுதவில்லை. ஒரு வாரம் அவள் சொந்த வேலையாக ஊருக்குப் போயிருந்தபோது எனக்குக் கைகால் ஓடவில்லை. மாற்றாக வந்திருந்த பெண்மணி என் பிளாஸ்க்கைப் பார்த்து, பாவம் என்று அவளே தண்ணீர் பிடித்து அறை வாசலில் கொண்டுவந்து வைத்தாள். என்ன அநியாயம் பாருங்கள். நான் வாயடைத்துப் போய் அந்தத் தண்ணீரைக் குடித்தேன்.

பனி கரைந்து மரங்களில் துளிர் விட்டபோது தேர்வு வந்தது. இரவெல்லாம் தூக்கமில்லை. காலையில் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே படியிறங்கியபோது ஆயி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்ன தேர்வு என்று தெரியும், விடுதி முழுக்கத் தெரியும். கழுத்தில் துணி சுற்றாமல் போகிறாயே, காற்று இருக்கிறது, சளி பிடித்தால் யார் பார்ப்பது என்று திட்டினாள். அன்றைக்கு மட்டும் தலையை ஆட்டிவிட்டு நடந்தேன்.

அதே பேராசிரியை. இந்த முறை நோயாளி ஒரு ஆண், அறுபது தாண்டியவர், முழங்கால் ஆபரேஷனுக்காக வந்து படுத்திருந்தார். பெரிய உடம்பு, நல்ல மனிதர் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. நான் வணக்கம் சொல்லி ஆரம்பித்தேன். முழங்கால் எப்போதிலிருந்து வலிக்கிறது? ஒன்றுமில்லை, கொஞ்ச நாளாக. ரொம்ப வலியா? ஒன்றுமில்லை. மருந்து சாப்பிடுகிறீர்களா? வலி மாத்திரைதான், ஒன்றுமில்லை. பசி, தூக்கம், வயிறு? ஒன்றுமில்லை, எல்லாம் சரியாக இருக்கிறது. சிரித்துக்கொண்டே சொன்னார். வெளிநாட்டுப் பெண்ணைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. அவர் சொன்னது அத்தனையும் எனக்குப் புரிந்தது, ஆனால் அதில் எழுதுகிறதற்கு ஒன்றுமே இல்லை. பேராசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். போச்சு, பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

தலையணையைச் சரிசெய்துகொள்ள அவர் எழுந்து உட்கார்ந்தார். அந்தச் சின்ன வேலைக்கே மூச்சு வாங்கியது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். திறந்தபோது கீழ் இமையை லேசாக இழுத்து உட்பக்கத்தைப் பார்த்தேன். வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது. என்ன செய்கிறது என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஒன்றுமில்லை என்றால் இங்கே எதற்குப் படுத்திருக்கிறீர்கள்? எழுந்து வீட்டுக்குப் போங்கள், கட்டிலாவது மிச்சமாகும். உட்கார்ந்ததற்கே மூச்சு வாங்குகிறது, முகத்தில் ரத்தமில்லை, இதற்குப் பெயர் ஒன்றுமில்லையா? யாரை ஏமாற்றுகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் எந்தக் குரலில் கேட்டேன் என்று உறைத்தது. வெந்நீர் அறைக் குரல். பேராசிரியையின் பேனா நின்றுவிட்டது.

அவர் என்னையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "இந்தப் பேச்சை யாரிடம் கற்றாய்? என் வீட்டுக்காரி இருந்தபோது இப்படித்தான் கேட்பாள்" என்றார். சிரிப்பு மெல்ல அடங்கியது. கட்டில் விரிப்பைக் கையால் நீவிக்கொண்டே, சத்தத்தைத் தாழ்த்தி, கொஞ்ச நாளாக மலம் கறுப்பாகத் தார் மாதிரி போகிறது என்றார். வலி மாத்திரை சாப்பிட்டுச் சாப்பிட்டு வயிற்றுக்குள் புண்ணாகி ரத்தம் கசிகிறதென்று அதற்கு அர்த்தம். வார்டில் யாருக்கும் சொல்லவில்லையா என்று கேட்டேன். சொன்னால் ஆபரேஷனைத் தள்ளிப் போடுவார்கள், பெய்ஜிங்கில் வேலை பார்க்கும் மகள் இதற்கென்று கெஞ்சி லீவு வாங்கி வந்திருக்கிறாள், அவளை மறுபடி அலைய விடுவதா என்றார்.

பேராசிரியை எழுந்து வந்து அவர் கண் இமையைத் தானே இழுத்துப் பார்த்தார். "நீ இங்கேயே இரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு வார்டு டாக்டர்களைக் கூப்பிட வேகமாக வெளியே போனார். நர்சுகள் வந்தார்கள், ஒரு கையில் ரத்தம் எடுத்தார்கள், மறு கையில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். சாப்பிடக் கூடாது, வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். அத்தனை பெரிய மனிதர் சின்னப் பிள்ளை மாதிரி விழித்தார். மகள் வீட்டுக்குப் போய்த் தனக்குச் சூப் வைத்து எடுத்துக்கொண்டு வருகிறாள் என்றார். போனை எடுத்து எண்ணை அழுத்தி என் கையில் திணித்தார். "நீ சொல்லு. எனக்குத் தைரியம் வராது."

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், "அப்பா?" என்றது.

நான் யாரென்று சொன்னேன். நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடிக்கும் முன்பே அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அந்த மொழியில் என்னிடம் இருப்பதெல்லாம் சண்டைக்கு உண்டான சொற்கள். அழுகிறவளைத் தேற்ற ஒரு சொல்கூட நான் கற்றுக்கொள்ளவில்லை. எங்கள் ஊர்த் தமிழில், அழாதட்டி, அழாதட்டி என்று மனசுக்குள் ஓடுகிறது, வெளியே வர வழியில்லை. கடைசியில், பால்வாடிப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சொற்களைப் பொறுக்கிச் சொன்னேன். நான் இங்கே இருக்கிறேன். அப்பா இங்கே இருக்கிறார். நீ வா. அவள் அழ அழ, அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் டாக்சி பிடிக்கிறது கேட்டது, கதவு சாத்துகிறது கேட்டது. நான் போனை வைக்கவில்லை.

நடுவில் பேராசிரியை திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றார். "நீ பாஸ்" என்றார். நான் கையைக் காட்டி, கொஞ்சம் இருங்கள் என்றேன். இவள் லைனில் இருக்கிறாளே.

மகள் வந்து சேர்ந்தாள். கோட்டுப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தாள், கையில் சூப் இல்லை. என்னைத் தாண்டி நேரே கட்டிலுக்குப் போய், அப்பாவின் செருப்பைக் கட்டிலுக்கடியில் ஒழுங்காகத் தள்ளி வைத்தாள். பிறகு நிமிர்ந்து அவரைத் திட்ட ஆரம்பித்தாள். எத்தனை நாளாக மறைத்தாய், என் லீவு பெரிதா நீ பெரிதா, அம்மாவும் இப்படித்தான் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தாள், நீயும் போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவேன். வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, டிரிப்ஸ் ஏற்றாத கையால் அவள் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டார்.

அவள் பேசியதில் ஒரு சொல்கூடத் தப்பாமல் எனக்குப் புரிந்தது.